மெலியச் சொன்ன காலம்

நான் ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. போன மாதம் எங்கள் பகுதியில் புதிய மருத்துவமாதுகளுக்கு நடந்த வகுப்பொன்றுக்கு வந்து கதைக்கும்படி கேட்டார்கள். மறுப்பதற்கும் அலுப்பாக இருந்தது, போனேன். சுவரில் பெரிய வண்ணப்படம். சூலகமும் அதற்குள் முத்துக் கோத்தது போல நீர்க்கட்டிகளும். வகுப்பெடுத்த பெண் பி.சி.ஓ.எஸ். என்று சரளமாகச் சொல்லிக்கொண்டு போனாள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும்.

கடைசியில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். “நிறையைக் குறையுங்கோ எண்டு சொல்லுறம். ரெண்டு மாதம் வருகினம், பிறகு வரவே மாட்டினம். நீங்கள் அந்த நாளில எப்பிடி அவையைச் சோராமல் வச்சிருந்தனீங்கள், மிசி?”

“நான் வச்சிருக்கேல்லைப் பிள்ளை. கனபேர் விட்டிட்டுப் போட்டினம்” என்றேன்.

சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பிலோமினாவின் நினைவு வந்தது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டியது அவளுடைய கதைதான். அங்கே நின்று சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை; அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு மருத்துவமாதுப் பயிற்சி. பிரசவம் பார்க்க, கொப்பூழ்க்கொடி கட்ட, குழந்தைக்குப் பால் பழக்க, தடுப்பூசி போட எல்லாம் சொல்லித் தந்தார்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களைப் பற்றிப் பாடத்தில் ஒரேயொரு வரி இருந்தது: விசேட வைத்தியரிடம் அனுப்பவும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு நியமனம் கிடைத்தபோது அந்த வரி எனக்குப் பயன்படவில்லை. விசேட வைத்தியர் வவுனியாவுக்கு அப்பால் இருந்தார். வவுனியாவுக்குப் போகப் பயண அனுமதிப் பாஸ் வேண்டும், பாதை திறந்திருக்க வேண்டும், நெஞ்சில் துணிவும் வேண்டும்.

வலைஞர்மடத்திலிருந்து முள்ளிவாய்க்கால் தாண்டி வட்டுவாகல் வரை என்னுடைய பகுதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். முள்ளிவாய்க்காலில் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலில் கிளினிக் நடந்தது. கர்ப்பிணிகள் ஒரு பக்கம் இருப்பார்கள். மறுபக்கம் குழந்தைகளின் நிறை பார்ப்போம். கூரை வளையில் கட்டிய தொங்கு தராசில் துணிக் காற்சட்டை போட்டுக் குழந்தையைத் தூக்கிவிடுவது. பெரிய பிள்ளைகளுக்கு மேற்கையைச் சுற்றி நாடா பிடித்துப் பார்ப்பது. பாதிக்கு மேற்பட்ட கைகள் சுள்ளித் தடிகளாக இருந்தன. பொருளாதாரத் தடையால் பொருள்கள் வராத காலம் அது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கண்ணில் காட்டக் கிடைக்காது. நான் நாளெல்லாம் தாய்மாருக்குச் சொன்னதெல்லாம், எப்படியாவது பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஊட்டுங்கோ என்பதுதான். அப்படியான இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து மெலியச் சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மாதத்தில் இரண்டு தரம் டொக்டரம்மா வருவா. மற்ற நாட்களில் விசுவமடுவிலும் வேறு இடங்களிலும் கிளினிக் பார்ப்பா. இடம்பெயர்ந்து வந்தவ. ஒல்லியான உருவம், இறுக்கிக் கட்டிய கொண்டை, மாற்றி மாற்றி உடுக்கும் இரண்டு மூன்று பருத்திச் சேலைகள். நோயாளர் எவரையும், அது பதினாறு வயதுப் பெண்ணாக இருந்தாலும், ‘நீங்கள்’ என்றுதான் சொல்லுவா. எங்களுக்கு ‘நீர்’. அதிலும் அன்பு குறைவு.

அவவுக்குச் சில முறைகள் இருந்தன. பெரியவர்களின் தராசைச் சாணி மெழுகிய தரையில் வைக்க விடமாட்டா. பலகை போட்டு, அது ஆடாமல் பார்த்து, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆளை ஏற்ற வேண்டும். ஏறுபவர் முள்ளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முதல் நாள் நான் பழக்கத்தில் ஒரு பெண்ணின் நிறையைச் சத்தமாக வாசித்துவிட்டேன். டொக்டரம்மா கையைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து, “இனி வாசிக்காதேயும். இது மீன் ஏலம் இல்லை” என்றா.

இன்னொன்று. பரிசோதனை முடிந்ததும் நோயாளரை எழும்பச் சொல்லி, சேலையைச் சரி செய்ய விட்டு, கதிரையில் இருத்தி, அதன் பிறகுதான் என்ன நோய் என்று சொல்லுவா. அதுவரை ஒரு வார்த்தையும் வராது. ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். “படுத்திருக்கிற ஆளுக்குச் செய்தி சொல்லக்கூடாது” என்றா.

பிலோமினா முதன்முதல் வந்தது பிள்ளை உண்டாகியிருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான். நாயாற்றிலிருந்து சிறு வயதில் இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் குடும்பம். முப்பதுக்குக் கொஞ்சம் குறைந்த வயது. கலியாணம் முடித்து ஆறேழு வருடம். நல்ல பருமன். முகவாயில் மயிரைச் சிரைத்த பச்சைத் தடம். அதைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டே கதைத்தாள். பல மாதமாக மாதவிடாய் வரவில்லை, வயிறும் பெருத்திருக்கிறது. புருஷன் அந்தோனி வெளியில் வேலியோரம் நின்றார். கோயிலில் நேர்த்தியும் வைத்துவிட்டார் என்று வெட்கத்தோடு சொன்னாள்.

டொக்டரம்மா உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கி வயிற்றில் வைத்தா. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. உள்ளேயும் பரிசோதித்தா. கழுத்தின் பின்புறத்துக் கருமையைத் துணியால் துடைத்துப் பார்த்தா. அது ஊத்தை இல்லை. பிறகு கை கழுவி, பிலோமினாவைக் கதிரையில் இருத்தித் தானும் முன்னால் முக்காலியில் இருந்தா.

“பிலோமினா, வயித்தில பிள்ளை இல்லை.”

அவள் சேலைத் தலைப்பை முகவாயோடு இன்னும் இழுத்துப் பிடித்தாள்.

“உங்கட சூலகத்தில சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்க வேணும். அதாலதான் மாதா மாதம் வரவேண்டியது வராமல் நிக்குது.”

“கட்டியே? அப்ப நான் சாகப்போறனே, டொக்டர்?”

“இல்லை. அது கான்சர் இல்லை, வெட்டவும் தேவையில்லை. முட்டை முழுசாய் முத்தாமல் நிண்டுபோற வருத்தம். இஞ்ச ஸ்கான் இல்லை. ஆனால் உங்கட உடம்பைப் பார்க்கத் தெரியுது. முகத்தில முடி வாறதும், உடம்பு வைக்கிறதும் இதாலதான். உடம்பு வைச்சால் வருத்தமும் கூடும். ரெண்டும் ஒண்டையொண்டு பிடிச்சு இழுக்கும். உங்கட நிறையில கொஞ்சம், கொஞ்சம்தான், குறைஞ்சாலே மாதவிடாய் திரும்ப வரலாம்.”

“நான் கனக்கச் சாப்பிடுறதில்லை.”

“எனக்குத் தெரியும்” என்றா டொக்டரம்மா.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் பிலோமினா அழுதாள். பிள்ளை இல்லை என்றபோது அழவில்லை.

வெளியில் அந்தோனியிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி அவளுக்குப் பின்னால் நடந்து போனார்.

அதற்குப் பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. சங்கக்கடையில் நிவாரணமாகக் கொடுத்தது அரிசி, கோதுமை மா, சீனி, கொஞ்சம் பருப்பு. டொக்டரம்மா குறைக்கச் சொன்னது அரிசி, மா, சீனி. “மீனைக் கூட்டுங்கோ” என்றா. “மீனை வித்தால்தானே டொக்டர் மற்றதுகள் வாங்கலாம்” என்றாள் பிலோமினா. டொக்டரம்மா கொஞ்சம் யோசித்து, விலைப்படாத சின்ன மீன்களை விற்காமல் வைக்கச் சொன்னா. முருங்கையிலை வேலியில் இருந்தது. சீனியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து முட்டை மாற்றலாம் என்று நான் சொன்னேன். மூன்று நேரமும் சாப்பிட வேண்டும், ஒரு நேரமும் விடக்கூடாது, புட்டைக் குறைத்துக் கறியைக் கூட்ட வேண்டும், நாளாந்தம் நடக்க வேண்டும். இவ்வளவுதான் மருந்து. வேறு மருந்து எங்களிடம் இருக்கவில்லை. நீரிழிவுக்காரருக்கே குளிசை போதாத காலம்.

ஒன்றிரண்டு மாதம் ஒழுங்காக வந்தாள். பிறகு ஒரு நாள் நிவாரண வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து யாரோ, “எங்கட பங்கையும் இவள்தான் திண்டு முடிச்சிருக்கிறாள், ஆளைப் பாருங்கோவன்” என்றதாம். வரிசை சிரித்தது. பசியோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களையும் என்ன சொல்வது. அன்றிலிருந்து நிவாரணம் எடுக்க அந்தோனிதான் போனார். கிளினிக்குக்கும் அவள் வரவில்லை.

தவக்காலம் முடியும் தறுவாயில், பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதையில் வெயிலில் மயங்கி விழுந்த பெண்ணைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிலோமினா. கன்னம் வற்றி, உதடு வெடித்து, ஆள் பாதியாக இருந்தாள். தவக்காலம் முழுக்க ஒரு நேரக் கஞ்சி. சில நாள் அதுவும் இல்லை. சேலைன் ஏற்றினோம். அன்று தற்செயலாக டொக்டரம்மா அந்தப் பக்கம் வந்திருந்தா. பிலோமினா கண் விழித்து, “மெலிஞ்சிட்டன் டொக்டர்” என்றாள். அதில் ஒரு பெருமை இருந்தது.

டொக்டரம்மா அவள் எழும்பி இருக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா, “இது ஆருக்குத் தண்டனை?”

“நான் ஏதும் பாவம் செய்திருப்பன். இல்லாட்டி ஆண்டவர் ஏன் எனக்கு மட்டும் தரேல்லை?”

“நீங்கள் பாவம் செய்தீங்களோ இல்லையோ எனக்குத் தெரியாது. அது நீங்களும் சுவாமியாரும் கதைக்க வேண்டியது. உங்கட சூலகம் ஒழுங்காய் வேலை செய்யேல்லை. அது எனக்குத் தெரியும். ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ.” குரல் உயரவே இல்லை. “உடம்பைப் பட்டினி போட்டால் அது பயந்துபோகும். அடுத்த முறை சாப்பாடு கிடைக்கேக்க எல்லாத்தையும் பதுக்கி வைக்கும். நாங்கள் எல்லாரும் அரிசி பதுக்கிற மாதிரி.”

சொன்னபடியே நடந்தது. உயிர்த்த ஞாயிறு வந்தது, அவள் சாப்பிட்டாள், குறைந்ததெல்லாம் சில மாதங்களுக்குள் திரும்பி வந்தது. கூடவே இன்னும் கொஞ்சம். பிறகு அவளைக் காணவில்லை.

எனக்கும் அவளைத் தேடிப் போக மனமில்லாமல்தான் இருந்தது. போய் என்ன சொல்வது? சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. விசுவமடுவிலிருந்து இதே வருத்தத்தோடு வந்த ஒரு மலையகப் பெண், கச்சான் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவள், “இதுக்கு மேல என்னாலே என்னம்மா செய்ய முடியும்?” என்று கேட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை.

அந்த நாட்களில் என் சைக்கிளின் பின் டயர் வெடித்துப் போனது. புதுசு எங்கும் இல்லை. வீடு வீடாக நடந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. தோளில் பை, கையில் தொங்கு தராசு, மணலில் புதைகிற கால். ஒரு காலை பிலோமினாவின் வீட்டு வேலியைக் கடக்கும்போது களைப்புத் தாங்காமல் தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். அந்தோனி வலையின் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். அவள் என்னைக் கண்டதும் குசினிக்குள் போய்விட்டாள். செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நிறை பார்க்க வந்தனீங்களே, மிசி?” என்றாள்.

“இல்லைப் பிள்ளை. தண்ணிக்குத்தான் வந்தனான். இந்தத் தராசைத் தூக்கித் தூக்கி என்ர தோள் செத்துப்போச்சு.”

அவள் தராசைப் பார்த்தாள். “எவடம் போறியள்?”

“வலைஞர்மடம்.”

“நான் தூக்கிக்கொண்டு வரட்டே?”

இதைப் பெரிய யோசனையோடு செய்ததாக நான் சொல்லமாட்டேன். எனக்குத் தராசு தூக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பேச்சுத் துணையும் தேவைப்பட்டது. அவளுக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அப்படித்தான் தொடங்கியது.

நாங்கள் நடந்தோம். முதல் வாரம் அவளுக்கு மூச்சு வாங்கியது, தொடை உரசிப் புண்ணானது. தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வந்தாள். நிறையைப் பற்றி நான் கதைக்கவில்லை. கடலைப் பற்றி, மீன் விலையைப் பற்றி, எந்தப் பக்கம் ஷெல் விழுந்தது என்பதைப் பற்றிக் கதைத்தோம். சில நாள் ஒன்றும் கதைக்காமலே போய் வந்தோம். என் சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டி இருக்கும். அவளுடையதில் சூடைமீன் கறியும் கீரையும் கூடுதலாக, சோறு குறைவாக. இரண்டையும் நடுவில் வைத்துச் சாப்பிடுவோம்.

ஒரு நாள் ஒரு வீட்டில் குழந்தையைத் தராசில் போடுவதற்காகப் பிலோமினா கையை நீட்டினாள். குழந்தையின் தாய், சின்னப் பெட்டை, பிள்ளையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, “மிசி, நீங்கள் வாங்குங்கோ” என்றாள். பிள்ளை இல்லாதவளின் கை படக்கூடாது என்ற எண்ணம். நான் ஏதோ கோபமாகச் சொல்ல வாயெடுத்தேன். பிலோமினா கண்ணால் வேண்டாம் என்றாள். தராசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை ஒழுங்கை முகப்பில் நின்றாள்.

“வரமாட்டாய் எண்டு நினைச்சன்” என்றேன்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு படுத்தனான். விடிய எழும்பக் கால் வெளிக்கிட்டிட்டுது.”

அந்த வருட மழைக்கு முதல், மாதவிடாய் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. இதைக் கோயில் முற்றத்தில், பூசை முடிந்து வருகிற சனத்துக்கு நடுவில், என் காதுக்குள் சொன்னாள். டொக்டரம்மாவிடம் சொன்னபோது, “இடுப்பை அளந்து பாரும்” என்றா. தராசு முள் பெரிதாக அசைந்திருக்கவில்லை, இடுப்பு இறங்கியிருந்தது. “இந்த வருத்தத்தில முதல்ல இறங்கிறது அதுதான்” என்றா. சிரித்த மாதிரியும் இருந்தது.

எல்லாம் அப்படியே நல்லபடியாகப் போனது என்று எழுத ஆசைதான். சண்டை நெருங்கி வந்த மாதங்களில் நடை நின்றது. பதுங்குகுழியும் கஞ்சியுமாக இருந்தோம்; அவளுக்கு உடம்பு திரும்ப வைத்தது, மாதவிடாய் நின்றது. ஓய்ந்ததும் திரும்பத் தொடங்கினோம். இன்னொரு முறை எனக்குக் காய்ச்சல் வந்து நடை மாதக்கணக்கில் நின்றது. பிறகும் தொடங்கினோம். ஏறுவதும் இறங்குவதுமாக வருடங்கள் போயின. முகத்து மயிர் போகவேயில்லை. “இதொண்டுதான் என்னோட நேர்மையாய் இருக்குது” என்று ஒரு நாள் சொன்னாள்.

இரண்டாயிரமாம் ஆண்டளவில் அவளுக்குப் பிள்ளை உண்டானது. இந்த முறை உண்மையாகவே. டொக்டரம்மா உள்ளங்கையை உரசிச் சூடாக்கி வயிற்றில் வைத்ததும், கதிரையில் இருத்திச் செய்தி சொன்னதும், அந்தோனி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுததும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்றாம் மாதம் இரத்தம் போகத் தொடங்கியது. டிரக்டர் பெட்டியில் படுக்க வைத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை தங்கவில்லை.

அன்று அங்கே கடமையில் இருந்த டொக்டரம்மா கருப்பையைத் துப்புரவாக்கி முடித்து, வெளியே வந்து படியில் இருந்தா. அவ படியில் இருந்து நான் கண்டதில்லை.

“இந்த வருத்தம் உள்ளவைக்கு இப்பிடி நடக்கிறது கூடுதல்” என்றா. பிறகு, “இனி அவாவிட்ட நிறையைப் பற்றி ஒண்டும் கதைக்காதேயும். அவாவாய்க் கேட்டால் மட்டும் சொல்லும்” என்றா.

நான் கதைக்கவில்லை. அவள் வீட்டு வேலியைக் கடக்கும்போது மற்றப் பக்கத்தால் நடந்தேன். தராசை நானே தூக்கினேன். ஒரு கிளினிக் நாள் அந்தோனி வந்தார். எல்லாப் பெண்களும் போகும் வரை வெளியில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“மிசி, அவளை இனி மெலியச் சொல்லாதேங்கோ. அவள் பட்டது காணும். எனக்குப் பிள்ளை வேண்டாம். ஆர் என்ன கதைச்சாலும் நான் வேற கலியாணம் கட்டப்போறதில்லை. அவள் விரும்பினதைச் சாப்பிட்டிட்டு இருக்கட்டும்.”

“அவாவிட்டச் சொன்னனீங்களே?”

“சொன்னனான். ஒண்டும் கதைக்கேல்லை. நீங்களும் ஒருக்கா வந்து சொல்லுங்கோ. உங்கட சொல்லைக் கேப்பாள்.”

எனக்கு, உண்மையைச் சொன்னால், ஆறுதலாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாக ஒரு பெண்ணின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் போனேன். குசினிக்கு வெளியே இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் முகவாயை மறைக்கவில்லை. நான் மணலில் இருந்து, அந்தோனி சொன்னதைச் சொன்னேன். டொக்டரம்மாவும் கரைச்சல் படுத்த வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னேன். இனி அவள் வர வேண்டியதில்லை, ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்றும் சொன்னேன்.

அவள் மீனின் செதிளைச் சுரண்டி முடித்தாள்.

“அவர் நல்ல மனுசன், மிசி. என்னில இரக்கப்பட்டுத்தான் சொல்லுறார்” என்றாள். “நான் இந்த ரெண்டு மாதமும் நடக்கேல்லை. நான் விரும்பினதெல்லாம் அவர் சமைச்சுத் தாறார். நித்திரை வருகுதில்லை. முழங்கால் நோகுது. குனிஞ்சு எழும்ப மூச்சு வாங்குது. பகல் முழுக்க இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்.”

“பிள்ளைக்கெண்டு இனி நீ...”

“பிள்ளைக்கெண்டு நடந்தது முடிஞ்சுது. அது எனக்குத் தெரியும்.” மீனைக் கழுவிச் சட்டிக்குள் போட்டாள். “நாளைக்கு எந்தப் பக்கம் போறியள்?”

“வட்டுவாகல்.”

“அது தூரமெல்லே.”

“ஓம். தூரந்தான்.”

அவள் கையை உதறிவிட்டு எழும்பினாள். எழும்ப முழங்காலில் கை ஊன்ற வேண்டியிருந்தது.

“அப்ப வெள்ளன வெளிக்கிடுவம்” என்றாள்.